மச்சான் சொல்வதற்காக பட்டறையை அடமானம் வைக்காதீர்கள்

அண்ணாச்சி, மகள் மார்க்கைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலை வேறு இடத்தில். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக மோட்டார் காயில் கட்டும் உங்கள் பட்டறையை அடமானம் வைத்து 8 லட்சம் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். வாங்காதீர்கள். இதை விட்டால் வேறு கதியில்லை என்கிறார் உங்கள் மச்சான். வட்டி கட்டப் போவது அவரில்லை.

மகளிடம் தனியாகப் பேசினேன். கோடிங் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. காயில் சூடாவதைப் பற்றித்தான் பேசினாள். சூடாகாத உலோகமே கிடையாதா என்று கேட்டாள்.

இருக்கிறது. நியோபியம் என்ற உலோகம் மைனஸ் 264 டிகிரிக்குக் கீழே போனால் மீக்கடத்தியாகிவிடும், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். அணுவின் நுண்துகள்களை வேகமாக ஓட வைக்கும் கருவி துகள் முடுக்கி. பல முடுக்கிகளில் துகளை ரேடியோ அலையால் உந்தித் தள்ளும் 'கேவிட்டி' என்ற உலோகக் கூடுகளை நியோபியத்தில்தான் செய்கிறார்கள். டெல்லி ஐ.யு.ஏ.சி., இந்தூர் ஆர்.ஆர்.கேட் என்ற முடுக்கி ஆராய்ச்சி மையங்களில் இந்த வேலை நடக்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்துக்கும் இங்கிருந்து செய்து கொடுக்கிறார்கள்.

முழுக்க முழுக்கப் பட்டறை வேலை, அண்ணாச்சி. நியோபியம் தகட்டை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்க வேண்டும். சூட்டில் காற்று பட்டால் கெட்டுவிடும் என்பதால் வெற்றிடத்துக்குள் எலக்ட்ரான் கற்றையால் பற்றவைப்பார்கள். பிறகு அமிலத்தால் உள்பக்கத்தை உரித்து, உலையில் வைத்து உலோகத்துக்குள் புகுந்த ஹைட்ரஜனை விரட்டி, தூசி புகாத அறையில் அதிவேக நீரால் கழுவுவார்கள். அப்புறம்தான் சோதனை. திரவ ஹீலியத்தில் இறக்கி 2 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 271 டிகிரியில், ரேடியோ அலை கொடுப்பார்கள். உள்ளே ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் போதும், எலக்ட்ரான்கள் தெறித்து எக்ஸ்ரே மீட்டர் ஏறிவிடும். வெளியே எடுத்து மறுபடி கழுவ வேண்டியதுதான். 650 மெகாஹெர்ட்ஸ் அலைக்கான நல்ல கேவிட்டியில் அலை கொடுப்பதை நிறுத்தினாலும் உள்ளே அலை அடங்கச் சில நொடிகள் ஆகும். செம்பில் செய்திருந்தால் நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். இதைச் சொன்னபோது உங்கள் மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அரசு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள், செலவு மிகக் குறைவு. 60 சதவீதமாவது எடுத்தால் அணுசக்தித் துறை ஆள் எடுக்கும்போது ஸ்டைபண்டரி டிரெய்னி, அதாவது உதவித்தொகையோடு பயிற்சி பெறுபவர், தேர்வு எழுதலாம். எம்.எஸ்சி. முடித்தால் பார்க் எனும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு முயற்சிக்கலாம். அங்கே ஒரு வருடம் உதவித்தொகையோடு படிப்பு, தேறினால் அதிகாரிப் பணி. எனக்கு பி.எஸ்சி.தான் பிடிக்கிறது, ஆனால் பட்டறைப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றால் மெக்கானிக்கல் டிப்ளமோவும் சரி. அதே டிரெய்னி தேர்வை டிப்ளமோ படித்தவர்களும் எழுதலாம்.

இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதை மறைக்க மாட்டேன். கிடைக்காமல் போனாலும் வெற்றிடம், கடுங்குளிர், ரேடியோ அலை தெரிந்தவருக்கு ஸ்கேன் கருவிகள் பக்கமும் வேலை உண்டு, நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் என்ஜின் பக்கமும் உண்டு.

ஒன்று மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். இந்த வேலை பெரும்பாலும் இந்தூர், டெல்லி, மும்பை, கொல்கத்தாவில்தான். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டீர்கள் என்றால் அதை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். எம்.எஸ்சி. முடித்த பிறகு சொல்லாதீர்கள்.