வீட்டுவசதிக்கு வாஷிங்டன் பணம் வருமா? கேள்விகளும் பதில்களும்

ஹட் என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்க வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையின் பணம் அடுத்த வருடம் என்ன ஆகும் என்று நம்மவர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கவுன்டி அலுவலகத்தில் இந்த மானியங்களின் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதை எழுதுவது 2025 டிசம்பர் நடுவில். 43 நாள் அரசு முடக்கம் நவம்பர் 12 அன்று முடிந்தது. இப்போது 2026 ஜனவரி 30 வரைக்குமான தற்காலிகச் செலவுச் சட்டத்தில்தான் ஹட் ஓடுகிறது.

கார்த்திக், டாலஸ்: ஹட் பட்ஜெட்டில் 44 சதவீதம் வெட்டு என்று மே மாதம் படித்தேன். பாதிப் பணம் போய்விட்டதா?

இல்லை. அது ஜனாதிபதியின் கோரிக்கை. பணம் ஒதுக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் இருக்கிறது.

மே 2 அன்று வந்த அந்தக் கோரிக்கையில் மூன்று பெரிய விஷயங்கள் இருந்தன. வாடகை உதவித் திட்டங்களை எல்லாம் ஒன்றாக்கி மாநிலங்களிடம் கொடுத்துவிடுவது, அதில் 2,670 கோடி டாலரைக் குறைப்பது, வேலை செய்யக்கூடிய உடல்நிலை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்தோடு உதவியை நிறுத்துவது என்பது முதலாவது. நகரங்களுக்குப் போகும் சமூக மேம்பாட்டு மானியமான சி.டி.பி.ஜி.யின் 330 கோடி டாலரை அடியோடு எடுப்பது இரண்டாவது. குறைந்த வாடகை வீடுகள் கட்ட உதவும் ஹோம் திட்டத்தின் 125 கோடி டாலரையும் அப்படியே எடுப்பது மூன்றாவது.

டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்திலும் நான்கு பட்ஜெட்டுகளிலும் சி.டி.பி.ஜி., ஹோம் இரண்டுக்கும் பூஜ்ஜியம் என்றுதான் கேட்டார்கள். நான்கு முறையும் காங்கிரஸ் மறுத்தது. ஹோம் திட்டத்துக்கு 2018 நிதியாண்டில் 95 கோடியிலிருந்து சுமார் 136 கோடிக்கு ஒதுக்கீட்டை ஏற்றினார்கள். இந்த முறை பிரதிநிதிகள் சபையின் மசோதா ஹோமுக்குப் பூஜ்ஜியம் போட்டது. செனட் மசோதா 125 கோடியை அப்படியே வைத்தது. சி.டி.பி.ஜி.யை இரண்டு அவைகளுமே ஏறக்குறைய பழைய அளவில் காப்பாற்றியிருக்கின்றன. செனட்டில் செலவு மசோதா நிறைவேற 60 ஓட்டு, அதாவது இரண்டு கட்சிகளின் ஆதரவும், வேண்டும் என்பதால் ஹோமும் தப்பிக்கும் என்பது என் கணிப்பு.

சுதா, சான் ஹோசே: அப்படியானால் கவலைப்பட வேண்டியதில்லையா?

கவலை வேண்டும். ஆனால் செய்தித் தலைப்பு காட்டும் இடத்தில் இல்லை.

வாடகை வவுச்சர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுக்கும். உள்ளூர் வரம்புக்குள் மீதியை ஹட் கொடுக்கும். வாடகை ஏறி, அந்தக் குடும்பத்தின் சம்பளம் ஏறாமல் நின்றால், ஏறியது முழுவதும் ஹட் தலையில் விழும். 2024 நிதியாண்டில் வவுச்சர் கணக்குக்கு 3,240 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் மிகப் பெரும் பகுதி ஏற்கெனவே வவுச்சர் வைத்திருக்கும் குடும்பங்களைத் தொடர்ந்து குடியிருக்க வைக்கவே போய்விட்டது. ஆகவே "போன வருட அளவே தொடரும்" என்று செய்தி வந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே பணத்தில் குறைவான குடும்பங்கள்தான் வாழ முடியும்.

காங்கிரஸ் உடன்பாட்டுக்கு வராததால் 2013இல் தானாகவே அமலான செலவு வெட்டு இப்படித்தான் நடந்தது. பெரும்பாலும் யாரையும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. ஒரு குடும்பம் வவுச்சரை விட்டால் அது அடுத்த குடும்பத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான். பல்லாயிரம் வவுச்சர்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின. வரிசையில் காத்திருந்தவர்களுக்கு ஏன் கூப்பிடவில்லை என்றுகூடத் தெரியாது. ஹோம் திட்டமும் 2010இல் சுமார் 182 கோடியாக இருந்தது, 2015இல் 90 கோடிக்கு வந்துவிட்டது. யாரும் அதை ஒழிக்கவில்லை. ஐந்தே வருடத்தில் பாதியாகிவிட்டது.

வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. முதியோர் மருத்துவ உதவி போல, தகுதி இருந்தால் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் வீட்டுக்கு இல்லை. பணம் இருக்கும்வரைதான். இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

முருகன், ஜெர்சி சிட்டி: என் வீட்டு மாடியில் வவுச்சர் உள்ள ஒரு அம்மா குடியிருக்கிறார். ஹட் பணம் நின்றால் அவரிடம் முழு வாடகையும் கேட்கலாமா?

கேட்கக் கூடாது. ஹட் பணத்தில் வவுச்சர் கொடுக்கும் உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு தர வேண்டிய பங்குக்கு அந்த அம்மா பொறுப்பில்லை. அது வரவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி அவரைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது.

ஆனால் பணமே போதாத நிலை வந்தால், வீட்டுவசதி அமைப்பு உங்களோடு போட்ட ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அது கடைசிப் படி. அதற்கு முன்பே சில அறிகுறிகள் தெரியும். முதலில் புது வவுச்சர் கொடுப்பதை நிறுத்துவார்கள். அப்புறம் எவ்வளவு வாடகை வரை ஏற்போம் என்ற வரம்பைக் குறைப்பார்கள். உங்கள் ஊர் அமைப்பில் இந்த இரண்டும் நடக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை ஏற்றும் எண்ணம் இருந்தால் இந்த வருடம் கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்பது என் வேண்டுகோள்.

பெயர் வேண்டாம், ஒஹாயோ: கணவனின் அடியிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணுக்கு அவசர வவுச்சரில் வீடு கிடைத்தது. அது நிற்கப் போகிறது என்கிறார்களே?

ஆமாம், துரதிர்ஷ்டவசமாக உண்மை. கோவிட் காலத்தில் 2021இல் காங்கிரஸ் 500 கோடி டாலரில் 70,000 அவசர வவுச்சர்களை உருவாக்கியது. வீடற்றவர்களுக்கும் குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறியவர்களுக்குமானது. 2030 வரை பயன்படுத்தலாம் என்று சட்டம் சொன்னாலும், வாடகை ஏறிய வேகத்தில் பணம் முன்பே கரைந்துவிட்டது. இதுதான் கடைசித் தவணை என்று 2025 மார்ச்சில் ஹட் கடிதம் அனுப்பியது. 2026க்குள் பல இடங்களில் தீர்ந்துவிடும்.

அந்தப் பெண்ணை இந்த வாரமே வீட்டுவசதி அமைப்பில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். அவசர வவுச்சரில் இருப்பவர்களைச் சாதாரண வவுச்சருக்கு மாற்ற முன்னுரிமை வைத்திருக்கிறார்களா? காத்திருப்போர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா? முன்னுரிமை வைப்பது அந்தந்த ஊர் அமைப்பின் முடிவு. சில ஊர்கள் வைத்திருக்கின்றன. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

அனிதா, சியாட்டில்: வீடற்றவர்களுக்கான மானியத்தில் என்ன குழப்பம்?

நவம்பரில் ஹட் புது விதிகளோடு விண்ணப்பம் கேட்டது. சுமார் 390 கோடி டாலர். இதுவரை இந்தப் பணத்தில் மிகப் பெரும் பகுதி நிரந்தர வீட்டுக்கும் அதோடு சேர்ந்த உதவிக்கும் போனது. புது விதி அதை 30 சதவீதத்துக்குள் அடக்கச் சொன்னது. மீதி தற்காலிகத் தங்குமிடத்துக்கும் சிகிச்சைத் திட்டங்களுக்கும். பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. டிசம்பர் 8 அன்று ஹட் அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டு, திருத்தி வெளியிடுவதாகச் சொன்னது.

வழக்கு எப்படி முடிந்தாலும் ஒரு பிரச்சினை ஏற்கெனவே வந்துவிட்டது. சேவை அமைப்புகளின் ஒப்பந்தங்கள் 2026இல் ஒவ்வொரு மாதமும் முடிந்துகொண்டே வரும். ஜனவரியில் முடிகிற ஒப்பந்தத்துக்கு மே மாதம் பணம் வந்தால், நடுவிலுள்ள மாதங்களுக்கு வாடகையை யார் கட்டுவது? சிறிய அமைப்புகளிடம் அப்படிச் சேமிப்பு கிடையாது. உங்கள் ஊர் அமைப்புக்கு நன்கொடை தருவதாக இருந்தால் இப்போதே கொடுங்கள்.

பிரபு, சார்லட்: எச்1பி விசாவில் இருக்கிறேன். எஃப்.எச்.ஏ. கடனில் வீடு வாங்க நினைத்தேன். பட்ஜெட் வெட்டினால் அது பாதிக்குமா?

பட்ஜெட்டால் பாதிக்காது. வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தரும் ஹட்டின் பிரிவான எஃப்.எச்.ஏ. தன் காப்பீட்டுக் கட்டணத்திலேயே ஓடுகிறது. ஆனால் வேறு காரணத்தால் உங்களுக்கு அந்த வழி மூடிவிட்டது. 2025 மே 25 முதல் நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்.எச்.ஏ. கடன் இல்லை என்று ஹட் விதி மாற்றியது. சாதாரண வங்கிக் கடன் எச்1பிக்கு இன்னும் கிடைக்கிறது. முன்பணமும் கிரெடிட் ஸ்கோரும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம்.

எஃப்.எச்.ஏ.வுக்கும் பட்ஜெட்டுக்கும் வேறு ஒரு தொடர்பு உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. அது ஈட்டும் வருமானத்தை ஹட்டின் செலவிலிருந்து கழித்துக் கணக்குக் காட்டுவார்கள். வட்டி ஏறி வீடு வாங்குவோர் குறைந்தால் அந்த வருமானம் குறையும். அப்போது ஹட் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காவிட்டாலும், அதற்கு அதிகப் பணம் தேவை என்று கணக்கு காட்டும். அந்த ஓட்டையை அடைக்க வேறு ஏதாவது ஒரு திட்டத்தில்தான் கைவைப்பார்கள்.

மீனாட்சி, நேப்பர்வில்: அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு இருக்கிறது. முதியோர் குடியிருப்பில் இடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். 62 வயது நிறைந்த, வருமானம் குறைந்த முதியோருக்கு செக்ஷன் 202 என்ற திட்டத்தில் கட்டிய குடியிருப்புகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தகுதி உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நீங்கள் மாதாமாதம் அவர்களுக்குக் கொடுக்கும் பணமும் அவர்கள் வருமானமாகவே கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். இருக்கும் கட்டடங்களின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க இரண்டு கட்சிகளும் தொடர்ந்து பணம் ஒதுக்கி வந்திருக்கின்றன. புதுக் கட்டடங்களுக்குத்தான் பணம் மிகக் குறைவு.

ரவி, கேரி: எங்கள் தமிழ்ச் சங்கம் சி.டி.பி.ஜி. பணம் கேட்க முடியுமா? மூத்தவர்களுக்கான பகல்நேர மையம் நடத்த ஆசை.

நல்ல கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1974இல் இந்த மானியத்தை உருவாக்கியபோது, எதற்குச் செலவழிப்பது என்ற முடிவை ஊர்களிடம் விட்டார்கள். மொத்தத்தில் 70 சதவீதம் பெரிய நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் சூத்திரப்படி நேரடியாகப் போகும். மீதி 30 சதவீதம் மாநிலம் வழியாகச் சிற்றூர்களுக்கு. ஊர் செலவழிப்பதில் 70 சதவீதமாவது வருமானம் குறைந்தவர்களுக்குப் பயன்பட வேண்டும். மையம், பயிற்சி, போக்குவரத்து போன்ற சேவைகளுக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த 15 சதவீதத்துக்குத்தான் உணவு வங்கி முதல் சட்ட உதவி வரை எல்லோரும் போட்டி போடுகிறார்கள்.

சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் என்றால் கிடைக்காது. ஊரில் உள்ள எல்லா முதியோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். முதியோருக்கான சேவை என்றால், பயன்பெறுவோரில் பெரும்பான்மையினர் வருமானம் குறைந்தவர்கள் என்றே விதி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவரிடமும் சம்பளச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. இது உங்களுக்குப் பெரிய வசதி. முதல் வருடம் ஏற்கெனவே மானியம் வாங்கும் ஒரு அமைப்போடு சேர்ந்து போங்கள். இந்தப் பணத்தோடு வரும் கணக்கு வேலையை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஊரும் வருடாந்தரத் திட்டத்தை வெளியிட்டு, 30 நாள் மக்கள் கருத்துக் கேட்டு, பொதுக் கூட்டமும் நடத்தியாக வேண்டும். சட்டம் அப்படி. அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் காலி நாற்காலிகளைத்தான் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் வந்து தெளிவாகப் பேசினால் அது குறிப்பில் ஏறும், பதில் எழுதியாக வேண்டும். வாஷிங்டனில் நம் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. இந்த அறையில் நிச்சயம் கேட்கும். பல ஊர்கள் குளிர்காலத்திலேயே விண்ணப்பம் வாங்கி முடித்துவிடும். நாளைக்கே நகராட்சிக்குப் போன் போட்டு கடைசித் தேதியைக் கேளுங்கள்.

செந்தில், ஃபேர்ஃபாக்ஸ்: காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அரசு செலவழிக்காமலே வைத்துக்கொள்ள முடியுமா?

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். 1973இல் நிக்சன் வீட்டுவசதி மானியங்களை அப்படியே நிறுத்தி வைத்தார். அதுபோன்ற செயல்களால்தான் 1974இல் பணத்தை முடக்குவதற்கு எதிராகக் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்போது 2025 ஆகஸ்டில், நிதியாண்டு முடியும் நேரம் பார்த்து, சுமார் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யக் கோரி அரசு காங்கிரஸுக்கு எழுதியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இடைக்கால உத்தரவில் அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க விட்டது. அது வெளிநாட்டு உதவி, உண்மைதான். அடுத்த முறை வீட்டுவசதிக் கணக்கில் கைவைக்க மாட்டார்கள் என்று யார் உறுதி தருவது? சூத்திரப்படி போகும் சி.டி.பி.ஜி. கொஞ்சம் பாதுகாப்பானது. ஹட்டின் விருப்பத்தில் போட்டி வைத்துக் கொடுக்கும் மானியங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

லதா, ஹூஸ்டன்: புயலுக்குப் பிறகு வந்த சி.டி.பி.ஜி.யும் இதுவும் ஒன்றா?

பெயர்தான் ஒன்று. பேரிடர் பணத்தைக் காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் தனிச் சட்டம் போட்டுத் தருகிறது. கடைசியாக 2024 டிசம்பரில் சுமார் 1,200 கோடி டாலர். வருடாந்தர மானியம் குறைந்தாலும் உங்கள் ஊருக்கு ஒதுக்கிய பேரிடர் பணம் அதனால் குறையாது.

ஜெகன், அட்லாண்டா: நல்ல செய்தி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டத்தில், குறைந்த வாடகை வீடுகள் கட்டுவோருக்கான வரிச்சலுகையை 12 சதவீதம் நிரந்தரமாக ஏற்றினார்கள். இந்தச் சலுகை 1986 முதல் இருப்பது. கடன் பத்திரம் வழியாகக் கட்டும் வீடுகளுக்கு, செலவில் பாதியாவது பத்திரத்தில் வர வேண்டும் என்ற விதியைக் கால்பங்காகக் குறைத்தார்கள். அதோடு, ஜூலை இறுதியில் குடியரசுக் கட்சியின் டிம் ஸ்காட், ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வாரன் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த வீட்டுவசதி மசோதா செனட் வங்கிக் குழுவில் 24-0 என்று நிறைவேறியது. இதை எழுதும்வரை அது சட்டமாகவில்லை. இருந்தாலும் இந்தக் காலத்தில் அப்படி ஓர் ஓட்டு அபூர்வம்.

ஆனால் வரிச்சலுகை மட்டும் ஒரு கட்டடத்தை முடிக்காது. கட்டுச் செலவில் துண்டு விழும். அதை நிரப்புவது பெரும்பாலும் ஹோம் பணம். ஒரு பக்கம் வரிச்சலுகையை ஏற்றிவிட்டு மறுபக்கம் ஹோமை எடுத்தால், அனுமதி வாங்கிய கட்டடங்கள் பள்ளம் தோண்டாமலே நிற்கும்.

கார்த்திக், டாலஸ்: மறுபடி நான்தான். ஜனவரி 30 அன்று எதைப் பார்க்க வேண்டும்?

மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். இருக்கும் வவுச்சர்களைப் புதுப்பிக்க ஒதுக்கும் தொகை போன வருடத்தைவிட ஏறியிருக்கிறதா என்று அந்த ஒரு வரியைத் தேடுங்கள். அடுத்து ஹோம் 125 கோடிக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். முழு வருட மசோதா இல்லாமல் இன்னொரு தற்காலிகச் சட்டம்தான் வந்தது என்றால், உங்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்து புதுப்பிப்புத் தொகையைத் தனியாக ஏற்றச் சொல்லுங்கள். தற்காலிகச் சட்டத்திலும் அப்படி விலக்குச் சேர்க்க வழி இருக்கிறது.