பிஸ்டல் உறையில் அப்படி என்ன மாறிவிட்டது?

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பாவின் லைசன்ஸ் பிஸ்டலுக்குப் பழைய தோல் உறையே போதாதா?

போதாதுங்க. எங்கள் அப்புச்சி தோட்டத்துக்குப் போகும்போது இடுப்பில் செருகியிருந்த தோல் உறையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வியர்வை ஊறி ஊறி, வாய்ப்பகுதி துணி மாதிரி தொய்ந்து உள்ளே மடிந்திருந்தது. துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு ட்ரிக்கரில் சிக்கினால் குண்டு தொடையில்தான் பாயும். நினைத்தாலே பதறுகிறது.

பெரிய முன்னேற்றம் இங்கேதான். கைடெக்ஸ் என்பது 1965இல் வந்த பிளாஸ்டிக் தகடு. சூடாக்கினால் இளகும், பிஸ்டல் அச்சின் மேல் அழுத்தினால் அதே வடிவத்தில் உறையாக இறுகிவிடும். வாய் மடங்காது, ட்ரிக்கர் பகுதியை முழுசாக மூடும், செருகியதும் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். வியர்வையையும் உறிஞ்சாது.

அப்புறம், சட்டைக்குள் துப்பாக்கி இருப்பது வெளியே தெரியாமல் மறைப்பது. உறையின் ஓரத்தில் சின்னச் சிறகு ஒன்று வைக்கிறார்கள். பெல்ட் அதை அழுத்த, கைப்பிடி உடம்புப் பக்கம் திரும்பும், சட்டை துருத்தாது. உறையின் அடியில், உடம்பை ஒட்டி, ஆப்பு மாதிரி மெத்தை ஒட்டினால் மேல்பகுதி இன்னும் உள்ளே சாயும்.

தோல்தான் வேண்டுமென்றால், வாய்ப்பகுதி மடியாதபடி உள்ளே தகடு வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பெல்ட்டும் கெட்டியாக இருக்கட்டும்.