வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால் சார்ஜ் ஆகிறதா என்று தெரியுமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். செல்ஃப் எடுக்காமல் நாலைந்து நாள் உதைத்து அலுத்துப்போன பிறகு, யாரோ இந்த வழியைச் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே நிலையில்தான் இருந்தேன்.

எனக்குப் பழக்கமான பட்டறையில், என் 150 சிசி வண்டியின் இன்ஜினை ஓடவிட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார்கள். ஹெட்லைட் பளிச்சென்று வெளுத்து அணைந்தது. பல்பு பழையது என்று விட்டுவிட்டோம். இன்ஜின் மட்டும் அணையவில்லை. "சார்ஜிங் நல்லா இருக்கு சார், பேட்டரிதான் போயிடுச்சு" என்று தீர்ப்பாயிற்று. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினேன். மூன்றாவது வாரமே அதுவும் இறங்கிவிட்டது.

பின்னர்தான் எனக்கு விளங்கியது: இன்ஜின் அணையாமல் ஓடுவதற்குச் சிறிதளவு மின்சாரம் போதும்; பேட்டரியை நிரப்ப அது போதாது. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் தீப்பொறிக்கான மின்சாரம் இன்ஜினோடு சுழலும் மேக்னெட்டிலிருந்தே வருவதால், பேட்டரியே இல்லாமலும் அவை ஓடும். ஆகவே அங்கும் இந்தச் சோதனையால் தெரிவது ஒன்றுமில்லை. ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால், மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கிக்கொள்ள ஆளில்லாமல், அது பல்பையும் மீட்டரையும் வண்டியின் கணினியான இசியூவையும் தாக்கும். அனுபவசாலிகளான மெக்கானிக்குகளைக் குறைகூறுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் வண்டியின் மற்ற வேலைகளை இன்றும் அவர்களிடம்தான் கொடுக்கிறேன்.

மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அதை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். முதல் நாள் நான் அதை 10 ஆம்பியர் துளையில் செருகியபடியே பேட்டரியில் வைத்துவிட்டேன். படீரென்று பொறி பறந்து, மீட்டர் வயரின் முனையிலுள்ள முள் உருகி உருண்டைக் குமிழாகிவிட்டது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால், பொறியோ பீடியோ அருகில் இருக்கக் கூடாது; மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியைப் பிரிக்க நேர்ந்தால் இன்ஜினையும் சாவியையும் அணைத்துவிட்டு முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் சேஸில் பட்ட கணமே ஷார்ட் ஆகும்.

வண்டி சில மணி நேரம் நின்ற பின் பாருங்கள்: 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது ஏறத்தாழ 10க்குக் கீழே விழக் கூடாது. நிறைந்த பேட்டரி அப்படி விழுந்தால் மட்டுமே பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டு, நான்காயிரம் ஆர்பிஎம் அளவுக்கு முறுக்கிப் பிடித்தால் சுமார் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அது பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

என் வண்டி 12.7ஐத் தாண்டவே இல்லை. இன்ஜினுக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரித்து, வெற்றுக் கை படாமல், மீட்டரை ஏசிக்கு மாற்றி இரண்டிரண்டாக அளந்தேன். மூன்று இணைகளும் ஒரே அளவைக் காட்டியதாலும், எர்த்தோடு எந்த வயருக்கும் தொடர்பு இல்லாததாலும், காயில் நன்றாகவே இருந்தது. குற்றவாளி என் கையிலேயே இருந்தது: கப்ளரின் ஒரு பின் கருகி, அதைச் சுற்றிய வெள்ளை பிளாஸ்டிக் தேநீர் நிறத்தில் உருகியிருந்தது. அந்த மூன்று வயர்களின் மின்பாதைகளில் ஒன்று அறுந்த நிலையில் வண்டி இத்தனை நாளும் ஓடியிருக்கிறது.

கப்ளரை மாற்ற 200 ரூபாய் ஆயிற்று. உடனே மீட்டர் 14.2 காட்டியது. இறங்கியிருந்த 9 ஆம்பியர்-மணி பேட்டரியை, அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கான 0.9 ஆம்பியரில் மெதுவாகச் சார்ஜ் செய்து வைத்தேன். மறுநாள் காலை 12.7. இரண்டாண்டாக அதுதான் வண்டியில் இருக்கிறது. பழைய பேட்டரியும் ஒருவேளை இப்படித்தான் பிழைத்திருக்கும், அதை எக்ஸ்சேஞ்சில் 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.