சிங்கப்பூரில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் இரண்டு படுக்கையறை வீடு எடுத்துக் குடும்பத்தோடு இருக்க முடியுமா?

தாராளமாக இருக்கலாம். நாங்களும் பஃபலோ ரோடு பக்கம் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், பள்ளிக்கூடம் போகும் மகளோடு. சென்னையிலிருந்து வேலை மாறி வருகிறேன், கூட்டத்தை நினைத்தால்தான் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேடும்போது 'மூவறை வீடு' என்று தேடுங்கள். இங்கே ஹாலையும் சேர்த்துத்தான் அறைக் கணக்கு, மூவறை என்றால் இரண்டு படுக்கையறை.

1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட பழைய கடைவீடுகளின் மாடியிலும் வீடு கிடைக்கும். பார்க்க அழகு, ஆனால் பல இடங்களில் லிஃப்ட் கிடையாது, ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும் இருப்பதால் நடு அறை பகலிலேயே இருட்டாக இருக்கும், கீழே சாப்பாட்டுக்கடை என்றால் வதக்குகிற நெடி முழுக்க மேலேதான் வரும். குழந்தையோடு வருகிறவர்களுக்கு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்தான் என் சிபாரிசு.

வீட்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஏஜென்ட் வேலை நாளில் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார், அப்போது தெருவே வெறிச்சோடி இருக்கும். ஞாயிறு என்பது நம் ஊர் தொழிலாளிகளும் பங்களாதேஷ் தொழிலாளிகளும் ஊருக்குப் பணம் அனுப்ப, சாமான் வாங்க, சிநேகிதர்களைப் பார்க்க வருகிற நாள். அவர்களில் பலருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அதைத் தொந்தரவாக நினைப்பவர்கள் வேறு பேட்டையில் வீடு பார்ப்பதே நல்லது. 2015 சட்டப்படி சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை இந்த வட்டாரத்தில் பொது இடத்தில் குடிக்கக்கூடாது, என் மனைவி ஞாயிறு ராத்திரி தனியாகக் கடைக்குப் போய்வருவாள், ஒரு பயமும் இல்லை.

உள்ளே போனதும் நேராக அடுப்படிக்குப் போங்கள். பழைய புளோக்குகளில் குப்பை போடும் குழாய் அடுப்படிக்குள்ளேயே இருக்கும், அதன் மூடியைத் திறந்து பாருங்கள், கரப்பான் குடியிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கழியைச் செருகும் குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம் காகித வேலை. முழு வீட்டையும் வாடகைக்கு விட வீட்டுக்காரர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், வீவக அனுமதியும் வாங்க வேண்டும். மலேசியர் அல்லாத வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் வட்டாரத்தில் 8 விழுக்காட்டையும் புளோக்கில் 11 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்று வரம்பு உண்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம், உங்களுக்கு அதிகபட்சம் ஒரு தடவைக்கு 2 வருடம். மூவறை வீட்டில் 6 பேருக்கு மேல் தங்கக்கூடாது.

வீவக வீட்டு வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையால் தொடக்கூடாது, இது சட்டம். "என் கணக்குக்குப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அவர் பதிவு செய்தவர்தானா என்று சொத்து முகவர் மன்றத்தின் (CEA) இணையப் பதிவேட்டில் தேடலாம். வைப்புத்தொகை வழக்கமாக வருடத்துக்கு ஒரு மாத வாடகை. முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் இரண்டு வருடத்துக்கு 288 வெள்ளி, கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும், அதைப் பொதுவாக வாடகைக்கு வருகிறவர்தான் கட்டுவார்.

வேலை போனாலோ ஊருக்குத் திரும்ப நேர்ந்தாலோ ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறலாம் என்ற ஷரத்தைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்கான் சர்வீஸ் யார் செலவு, சில்லறை ரிப்பேருக்கு எத்தனை வெள்ளிவரை உங்கள் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பார்த்து வைத்திருக்கும் புளோக் எந்தத் தெரு என்று சொன்னால் ஞாயிறு சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.