சிரிக்காமல் நிற்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சனிக்கிழமை இரவுகளில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியைப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். இப்போதெல்லாம் பார்ப்பதைவிடச் சண்டை போடுவதுதான் அதிகம். முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை என்கிறார் ஒருவர். எனக்கு வில் ஃபெரல் இருந்த காலம்தான் உச்சம். இன்று அரசியல் கூடிவிட்டது, ஸ்கெட்ச் என்கிற குட்டி நகைச்சுவை நாடகங்களுக்கு ஒழுங்கான முடிவில்லை, நடிகர்களே பாதியில் சிரித்துவிடுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளோ யூடியூபில் ஐந்து நிமிடத் துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு "இப்பதான்பா நல்லா இருக்கு" என்கிறாள். உண்மையில் எந்தக் காலம் தரமானது? அவளுக்கு எதைக் காட்டலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நகைச்சுவையில் யாரும் பெயர் சொல்லிப் பாராட்டாத ஒரு வேலையைப் பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அதன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு, அதைப் பார்க்காமலே போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நண்பரின் பொற்காலம். 1975 அக்டோபர் 11 அன்று வந்த முதல் நிகழ்ச்சியை 90 நிமிடமும் முழுதாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விருந்தினராக வந்த ஜார்ஜ் கார்லின் ஒரு ஸ்கெட்சில்கூட நடிக்கவில்லை. தனியாக நின்று பேசிவிட்டுப் போனார். பாட்டுக்கு இரண்டு கலைஞர்கள், ஜிம் ஹென்சனின் பொம்மைகள், ஆல்பர்ட் ப்ரூக்ஸின் குறும்படம், 'மைட்டி மவுஸ்' பாட்டில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் வாயசைத்த ஆண்டி காஃப்மன். நிரந்தர நடிகர்கள் ஏழு பேருக்கும் மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். நிகழ்ச்சி தன் உருவத்தைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பின்னாளில் அரை மணி, ஒரு மணி நேரமாக வெட்டி மறுஒளிபரப்பானதைப் பார்த்துவிட்டுப் பொற்காலம் என்பவர்கள் நிறையப் பேர். உங்கள் மகள் யூடியூபில் செய்வதும் அதேதான். அவளை மட்டும் கடிந்துகொள்ளாதீர்கள்.

அரசியல் கூடிவிட்டது என்பதை விட்டுவிடுவோம். செவி சேஸ் மேக்கப்கூட இல்லாமல் ஜனாதிபதி ஃபோர்டாகத் தடுக்கி விழுந்தது முதல் சீசனிலேயே. முடிவில்லை என்ற குறை நியாயமானது, ஆனால் பழையது. மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1969-லேயே கடைசி வரி ஜோக்கைத் தூக்கிப்போட்டது. டெர்ரி கில்லியமின் அனிமேஷன் வந்து அடுத்த காட்சிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பதிவு செய்து வெட்டி ஒட்டிய நிகழ்ச்சிக்கு அது முடியும். நேரலையில் கேமரா பின்னால் போகும், வாத்தியக்குழு தொடங்கும், அவ்வளவுதான். 50 ஆண்டாக இப்படித்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நான்கு பேரும் இத்தனை வருடமாகச் சண்டை போடுவது நட்சத்திரங்களைப் பற்றி. பெலூஷியா, எடி மர்ஃபியா, ஃபெரலா? இந்தக் கேள்வியே தப்பு. ஒரு சீசன் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், பைத்தியக்காரனாக நடிப்பவரைப் பார்க்காதீர்கள். அவருக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் வங்கி மேலாளரை, அப்பாவை, நீதிபதியை, செய்தி வாசிப்பவரைப் பாருங்கள். ஸ்ட்ரெயிட் மேன் என்று சொல்வார்களே, அவரை. அறையில் ஒருவர் இயல்பாக இருந்தால்தான் இன்னொருவரின் கிறுக்குத்தனத்துக்கு அளவு கிடைக்கும். இருவரும் கத்தினால் அது சத்தம்.

வெறும் கருத்தாகச் சொல்லவில்லை, ஆண்டு வாரியாகவே பார்க்கலாம். நிகழ்ச்சியை உருவாக்கிய தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸ் 1980-ல் விலகி, 1985-ல் திரும்பி வந்தார். வந்ததும் பெயர் பெற்ற இளைஞர்களைச் சேர்த்தார். ராபர்ட் டவுனி ஜூனியருக்கு வயது 20. ஆண்டனி மைக்கேல் ஹாலுக்கு 17. இருவரும் திறமைசாலிகள். ஆனால் 17 வயதுப் பையனை வைத்துக்கொண்டு ஒரு செனட் விசாரணையை எப்படி எழுதுவது? ஒரு டாக்டர், ஒரு அப்பா, ஒரு போலீஸ் அதிகாரி, யாராக அவரை நிறுத்துவது? எழுதுபவர்களுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்த சீசன் படுத்தது.

அதே சீசனில், 1986 மார்ச்சில், டேமன் வேயன்ஸுக்கு ஒரு சின்ன வேஷம்: சும்மா நின்று கேள்வி கேட்கும் போலீஸ்காரர். தன் யோசனைகள் எடுபடாமல், இப்படித் துண்டு வேஷங்களே கிடைக்கின்றன என்று அவருக்குக் கோபம். ஒத்திகையில் இல்லாத ஒரு குரலில், குழைந்து நெளிந்து, நேரலையில் பேசிவிட்டார். மைக்கேல்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்கினார். வேயன்ஸின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு கறுப்பின நடிகரை அழைத்துவந்து ஓரத்தில் நிறுத்தியது அநியாயம்தான். ஆனால் அந்த ஸ்கெட்சுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். சாதாரண மனிதராக இருக்க வேண்டியவர் வேடிக்கையாகிவிட்டார். வேடிக்கையாக இருக்க வேண்டிய ஜான் லோவிட்ஸுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

அந்தக் குழுவில் பெரும்பாலோர் போனார்கள். 1986 அக்டோபரில் புதிதாக வந்தவர்களில் ஒருவர் ஃபில் ஹார்ட்மன். வயது 38. அதற்கு முன் இசைத்தட்டு உறைகளுக்கு வடிவமைப்புச் செய்துகொண்டிருந்தவர். கூடவே ஜான் (Jan) ஹூக்ஸ் என்ற நடிகை. அப்பா, அம்மா, முதலாளி, விளம்பரக் குரல், அதிபர் என எதுவாகவும் நம்பும்படி நிற்கத் தெரிந்த இருவர். கூட நடித்தவர்கள் ஹார்ட்மனைப் 'பசை' என்றார்கள். டேனா கார்வி அந்தக் காலத்தின் நட்சத்திரம் என்பீர்கள். சரிதான். அவர் சுழல்வதற்குத் தரை போட்டவர்கள் இந்த இருவர்.

1993 மே 8 அன்று வந்த மேட் ஃபோலி ஸ்கெட்சை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆற்றோரம் வேனில் குடியிருக்கும் ஊக்கப் பேச்சாளர் ஃபோலியாக க்ரிஸ் ஃபார்லி. எழுதியவர் பாப் ஓடன்கர்க். பிள்ளைகளாக டேவிட் ஸ்பேடும் கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டும். சிரிப்பை மறைக்க ஒருவர் வாயைப் பொத்துகிறார், ஒருவர் முகத்தைத் திருப்புகிறார். மறுபடி போட்டு ஹார்ட்மனை மட்டும் பாருங்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்று கவலைப்படும் ஒரு தந்தை, காசு கொடுத்து ஒருவரை அழைத்துவந்திருக்கிறார். ஃபார்லி மேஜை மேல் விழுந்து அதை நொறுக்கும்போதும் அவர் தந்தைதான். அந்த வீடு வீடாக இருப்பதால்தான் மேஜை உடைவது நமக்கு உறைக்கிறது.

ஹார்ட்மன் 1994 மே மாதம் விடைபெற்றார். ஃபார்லி இருந்தார், ஆடம் சாண்ட்லர் இருந்தார், ஸ்பேடும் இருந்தார். அடுத்த சீசன்தான் இந்த நிகழ்ச்சி வாங்கிய மிக மோசமான திட்டுகளுக்கு உரியது. மைக்கேல் மெக்கீன் அப்போது இருந்தாரே, அவரைவிட நல்ல ஸ்ட்ரெயிட் மேன் உண்டா என்று நீங்கள் மடக்கலாம். உண்மை. ஆனால் ஆள் இருந்தால் போதாது, அவருக்கு எழுத வேண்டும். அந்த ஆண்டு எழுத்து முழுக்கக் கத்துபவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்பதற்கு அங்கே ஒரு வாரத்தின் நடைமுறையைப் பார்க்க வேண்டும். திங்கள் மாலை மைக்கேல்ஸின் அறையில் விருந்தினர் முன்னால் யோசனைகள் சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுத்து. புதனன்று ஏறக்குறைய 40 ஸ்கெட்சுகளை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். அன்று இரவே தேர்வு முடிந்து செட் வேலை தொடங்கிவிடும். வியாழன், வெள்ளி கேமரா ஒத்திகை. சனி இரவு 8 மணிக்கு, பார்வையாளர்களை வைத்தே டிரஸ் ரிகர்சல். அதில் இருப்பவை நேரலையின் நேரத்துக்குக் கொள்ளாது. 10 மணிக்கு மேல் உட்கார்ந்து சில ஸ்கெட்சுகளைத் தூக்குவார்கள், மிச்சத்தைக் குறைப்பார்கள், 11:30-க்கு ஒளிபரப்பு. தயாராகிவிட்டதால் அல்ல, 11:30 ஆகிவிட்டதால் நிகழ்ச்சி தொடங்குகிறது என்று மைக்கேல்ஸே சொல்லியிருக்கிறார்.

தப்பு நடக்கும் இடம் அந்த ஒன்றரை மணி நேரம். ஏழு நிமிடம் ஓடிய ஸ்கெட்சை ஐந்தாக்க வேண்டும். சிரிப்பு வந்த வரியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சிரிப்பு வராத வரிகள் எவை? "மன்னிக்கணும், என்ன சொன்னீங்க?", "உட்காருங்க, நிதானமா பேசலாம்." எல்லாம் ஸ்ட்ரெயிட் மேனின் வரிகள். அவற்றை உருவினால் காகிதத்தில் ஸ்கெட்ச் இறுகிவிட்டது போலத் தெரியும். மேடையில் ஜோக்குக்கு மேல் ஜோக்காக, மூச்சு வாங்க இடமில்லாமல் ஓடும். மூன்றாவது நிமிடத்தில் நமக்குக் களைத்துவிடும். நீங்கள் "பழைய மாதிரி இல்லை" என்று டிவியை அணைப்பது அப்போதுதான்.

அடுத்தது அட்டைகள். அங்கே டெலிபிராம்டர் கிடையாது. வசனத்தைக் கையால் அட்டையில் எழுதி, கேமராவை ஒட்டிப் பிடிக்கிறார்கள். யார் வரி என்று பிரித்துக் காட்ட வெவ்வேறு நிறங்கள். கடைசி நிமிடத் திருத்தம் அட்டையில்தான் விழும். அட்டையைப் பார்த்துப் பேசும்போது கிறுக்கனாக நடிப்பவருக்கு நஷ்டம் குறைவு. அவர் கண் எங்கே அலைந்தாலும் பொருந்தும். ஸ்ட்ரெயிட் மேனின் வேலையே கேட்பது. அவர் கண் எதிராளியை விட்டு அட்டைக்குப் போனால், கேட்கவில்லை, தன் முறைக்குக் காத்திருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். பார்வையை எதிராளியின் முகத்திலேயே வைத்து, வரி வரும் நொடியில் மட்டும் ஓரக்கண்ணால் அட்டையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஜேன் கர்டின் 1976-லிருந்து 1980 வரை, செய்தி நையாண்டிப் பகுதியான 'வீக்எண்ட் அப்டேட்' மேஜையில் கில்டா ராட்னருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்த விதத்தைப் பாருங்கள். உங்கள் நண்பர் பொற்காலம் என்று கொண்டாடும்போது அந்த அம்மாளின் பெயரை ஒருமுறையாவது சொல்வாரா? கேட்டு எழுதுங்கள்.

நீங்கள் கொண்டாடும் ஃபெரலையும் இதே கண்ணால் பாருங்கள். 1996 டிசம்பரில் தொடங்கிய, வினாடிவினா நிகழ்ச்சியைக் கிண்டலடிக்கும் 'செலிப்ரிட்டி ஜெப்பர்டி'யில் அவர் தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக். அவமானத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகும் மனிதர். டாரல் ஹாமண்டின் ஷான் கானரி அவரைக் கடித்துக் குதறுவார். இவர் எழுந்து கத்தினால் கதை முடிந்தது. கத்தவில்லை. 2000 ஏப்ரல் 8 அன்று வந்த கௌபெல் (மாட்டு மணி) ஸ்கெட்சில் ஃபெரல்தான் கிறுக்கர். டிரஸ் ரிகர்சலில் போட்டதைவிடச் சிறிய சட்டையில் நேரலைக்கு வந்தார் என்று ஜிம்மி ஃபாலன் சொல்லியிருக்கிறார். ஃபாலனும் இன்னும் சிலரும் சிரிப்பை அடக்க முடியாமல் உடைந்துபோனார்கள். பாடகராக நின்ற க்ரிஸ் பார்னெல் உடையவில்லை. மணிச் சத்தம் தொந்தரவாக இருந்தாலும் மரியாதை குறையாமலே பேசுகிறார். கிறிஸ்டஃபர் வாக்கன் கதவைத் திறந்து வந்து இன்னும் மணியடிக்கச் சொல்வது வேடிக்கையாவது பார்னெலின் அந்தப் பொறுமையால்.

இதில் நடிகர்கள் சிரிப்பது பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. யார் சிரிக்கிறார், எப்போது என்பதுதான் கணக்கு. 2024 ஏப்ரலில் ரையன் காஸ்லிங்கும் மைக்கி டேயும் பீவிஸ்-பட்ஹெட் என்ற கார்ட்டூன் இரட்டையரின் தோற்றத்தில் வந்த ஸ்கெட்சில், பேட்டி எடுப்பவராக வந்த ஹைடி கார்ட்னர் டேயைத் திரும்பிப் பார்த்ததும் உடைந்தார். அந்த இருவரின் தோற்றமே பேட்டியைக் குலைக்கிறது என்பதுதான் கதை என்பதால் அது ஒட்டிக்கொண்டது. அதே நேரம், அவர்களைப் பார்த்துக் கவனம் சிதறும் பேராசிரியராக உட்கார்ந்திருந்த கெனன் தாம்ஸன் ஸ்கெட்சைத் தாங்கினார். அவரும் சிரித்திருந்தால் காஸ்லிங்கின் அந்தக் கோமாளித் தலைமுடி ஒப்பனையாகத் தெரிந்து, ஆட்டம் அங்கேயே கலைந்திருக்கும். தாம்ஸன் 2003-லிருந்து அங்கே இருக்கிறார். இத்தனை ஆண்டு ஒருவர் அங்கே தாக்குப்பிடித்திருப்பது எதனால் என்று உங்கள் நால்வரில் யாராவது யோசித்ததுண்டா?

மகளுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். 2023 அக்டோபர் 28 நிகழ்ச்சியில் வந்த 'வாஷிங்டன்ஸ் டிரீம்'. அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாள். சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள். நேட் பர்கட்ஸி ஜார்ஜ் வாஷிங்டனாக உட்கார்ந்து, சுதந்திர நாட்டின் எடைகளையும் அளவுகளையும் பற்றிய தன் கனவை விளக்குகிறார். 2,000 பவுண்டு ஒரு டன். 1,000 பவுண்டுக்குப் பெயர் கிடையாது. குரல் ஏறாது, முகம் மாறாது. சுற்றி உட்கார்ந்த வீரர்கள் உண்மையான அக்கறையோடு சந்தேகம் கேட்கிறார்கள். தாம்ஸன், அடிமைகளின் கதி என்ன என்று மெல்லக் கேட்கிறார். நீ வெப்பநிலையைப் பற்றித்தானே கேட்டாய் என்கிறார் வாஷிங்டன். நான் கேட்கவில்லை என்கிறார் தாம்ஸன். அவ்வளவுதான். கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில் தாம்ஸன் கண்ணை எங்கே வைத்திருக்கிறார் என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.