இன்டர்வியூக்கு புடவையா, சுடிதாரா?

கேள்வி: ஜூலைல மும்பை ஃபோர்ட் ஏரியா பக்கம் ஒரு காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொஃபசர் இன்டர்வியூ மேடம், டெமோ கிளாஸும் உண்டு. அம்மா பட்டுதான் கட்டணும்னு அடம் பிடிக்கறாங்க. என்ன பண்ண? - செம்பூர் வாசகி

பதில்: பட்டு கல்யாணத்துக்கு இருக்கட்டும்னு சொல்லிடுங்க. செம்பூர்ல ஏறி ஹார்பர் லைன் லோக்கல் ட்ரெயின்ல நசுங்கி சிஎஸ்எம்டி ஸ்டேஷன்ல இறங்கறதுக்குள்ள, மும்பை மழைல கஞ்சி போட்ட காட்டன்கூட நமுத்துப்போன அப்பளமாயிடும், அதனால காட்டன் சில்க், இல்லன்னா துப்பட்டாவை ரெண்டு பக்கமும் பின் குத்தின சுடிதார், எதுவானாலும் ஏற்கனவே நாலு தடவை போட்டதா இருக்கணும். போர்டுல எழுத கையைத் தூக்கணும் பாருங்க, முந்தின நாளே தூக்கிப் பாத்துடுங்க. நான் புது பிளவுஸ்ல போய் அக்குள் தையல் விட்டு, முழு கிளாஸும் போர்டோட கீழ்பாதிலயே எழுதினேன். வேலை கிடைச்சுது, அது வேற விஷயம். வெள்ளை பேன்ட் மட்டும் வேண்டாம், சேறு. நல்ல செருப்பை பையில வெச்சுட்டு அங்க போய் மாத்திக்கோங்க.