அந்தப் பிள்ளையின் படம் எதற்கு?

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் செயலாளராக இருக்கிறேன். கம்போடியாவில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்தும் ஒரு மிஷனுக்கு இந்த வருடம் நிதி திரட்டித் தருவதாகப் பொறுப்பெடுத்திருக்கிறோம். ஆதரவு கேட்டு அனுப்ப ஒரு கடிதம் தயாரிக்கிறேன். சில சந்தேகங்கள். ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்காமல் ஜெபித்தே ஆயிரக்கணக்கான அநாதைகளைப் போஷித்தார். நாம் கைநீட்டுவது விசுவாசக் குறைவா? பக்கத்தில் இருக்கிற ஏழைகளை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? மிஷனிலிருந்து படங்கள் வந்திருக்கின்றன. சிரிக்கிற படம் வேண்டாம், அழுக்குச் சட்டையோடு சோகமாக இருக்கிற படம்தான் பணம் கொண்டுவரும் என்கிறார்கள் கமிட்டியில். எல்லா முகங்களையும் ஒரே தாளில் அச்சடித்து, அவரவர் தங்களுக்குப் பிடித்த பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம் என்பது என் யோசனை. பணம் சேர்ந்தால் எங்களில் சிலர் நேரில் போய் இரண்டு வாரம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வரவும் ஆசை. எப்படி எழுதினால் மனம் இளகும்?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு துண்டுத்தாளைத் திணித்தார்கள். முகத்தில் ஈ உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை, கீழே வங்கிக் கணக்கு எண். பிள்ளைக்குப் பெயர் இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

முல்லரை முதலில் முடித்துவிடலாம். கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முதல் இல்லத்தைத் திறந்த அவர் தன் தேவையை எந்த மனிதரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானித்தவர்தான். ஆனால் வருடாவருடம் வரவுசெலவை அறிக்கையாக அச்சிட்டுக் கொடுத்தவரும் அவரே. ஜெபத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தக் கணக்கைப் பற்றி நம்மவர்கள் பேசுவதில்லை. நீங்கள் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஏழை, தூரத்து ஏழை என்ற கேள்விக்கு நான் நேரம் செலவழிப்பதாக இல்லை. இருவருக்கும் கொடுக்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இனி அந்தப் படம். கமிட்டியில் சொன்னதை நீங்கள் மறுக்காமல் அப்படியே எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. தம்பி, சோகமான பிள்ளை வேண்டும் என்று நாம் கேட்டால், அங்கே யாரோ ஒருவர் ஒரு பிள்ளையைச் சோகமாக நிற்கவைப்பார். இது எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படி நின்றவள்.

சிறுவயதில் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மையார் என் படிப்புக்குப் பணம் அனுப்பினார். ஸ்பான்சருக்குப் படம் எடுக்கும் நாளில் மட்டும் நாங்கள் தலைவாரக் கூடாது. வார்டனின் அலமாரியில் தோள்பட்டை கிழிந்த ஒரு பச்சை கவுன் இருக்கும். ஒருத்தி கழற்றித் தர, வரிசையில் அடுத்து நிற்பவள் அதைப் போட்டுக்கொள்வாள். எனக்கு அது கணுக்கால் வரை தொங்கியது. எண் எழுதிய சிலேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்புக் காட்ட, நானும் சிரித்துவிட்டேன். ஃபிலிம் வீணாகிவிட்டது என்று முதுகில் ஒரு அடி விழுந்தது. அடுத்த படம் அவர்கள் விரும்பிய மாதிரியே வந்திருக்கும். இத்தனைக்கும் விடுதியில் நாங்கள் பட்டினி கிடந்ததில்லை. எங்கள் சொந்தத் துணிகள் கிழிசல் இல்லாமல், துவைத்து மடித்து, பெட்டியில் இருந்தன.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். வார்டன் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். ஒரு வருடம் அந்த அம்மையாரிடமிருந்து எனக்கே பதில் வந்தது, நீல நிற ஏர்மெயில் தாளில். ஆங்கில ஆசிரியை வாசித்துச் சொன்னார். அம்மாவை இழந்த என் துக்கத்தில் அவரும் பங்கெடுப்பதாக எழுதியிருந்தார். என் அம்மா மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். கல் சுமந்து காய்த்துப்போன கையால் என் கன்னத்தைத் தடவுவாள். விடுதியின் கோப்பில் அவள் செத்துப்போயிருந்தாள். அடுத்த முறை வந்தபோது அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். உன்னை விசாரித்திருக்கிறார்கள் என்றேன்.

அந்த அம்மையாரை ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். அவர் தந்த பணத்தில்தான் எழுத்துக் கற்றேன். அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் இவளுக்குத் தாய் இருக்கிறாள், உழைக்கிறாள், படிக்கவைக்கத்தான் முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அவர் அனுப்பாமல் விட்டிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்கிறவர்களையும் உங்கள் கமிட்டி இவ்வளவு மட்டமாக எடைபோட வேண்டாம்.

இது பழைய வியாதி. லண்டனில் தெருப்பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த டாக்டர் பர்னார்டோ, இல்லத்துக்கு வருமுன் கந்தல், வந்தபின் சுத்தமான உடை என்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்து விற்று நிதி சேர்த்தார். 1877இல் அது மத்தியஸ்தர்கள் முன் விசாரணைக்குப் போனது. பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்த அவர்களே, அந்தப் படங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று கண்டித்தார்கள். அவர் செய்த ஊழியம் உண்மை. பசியும் உண்மை. அப்புறம் எதற்குச் சட்டையில் பொய்?

பவுலைப் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் பணம் கேட்டு இரண்டாம் நிருபத்தில் இரண்டு முழு அதிகாரம் எழுதுகிறார். எட்டும் ஒன்பதும். இன்று இரவே உட்கார்ந்து வாசியுங்கள். மக்கெதோனியர் தங்கள் தரித்திரத்திலும் கொடுத்ததைச் சொல்லி ரோஷமூட்டுகிறார். கிறிஸ்து நமக்காகத் தரித்திரரானதைச் சொல்கிறார். பணத்தைப் பற்றி யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்று தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறார். எருசலேமின் பிள்ளைகள் எப்படி மெலிந்திருக்கிறார்கள், விதவைகள் எப்படி அழுகிறார்கள் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லை. எழுதத் தெரியாதவரா அவர்? வாங்குகிறவர்களின் குறைவை நிறைவாக்க வேண்டும் என்கிறார், அதோடு விட்டுவிடுகிறார். அவர்கள் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. நிதி கேட்டு எழுத உட்காருகிற எல்லோருக்கும் இதை மனப்பாடமாகக் கொடுக்கலாம்.

பிடித்த பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் தாள் உங்கள் சொந்த யோசனை என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் யோசித்திருப்பீர்கள், தெரியும். ஆனால் அந்தத் தாளில் கடைசிவரை யாருக்கும் பிடிக்காமல் போகிற பிள்ளை ஒன்று இருக்குமே, அதை நினைத்துப் பார்த்தீர்களா? எங்கள் விடுதியில் அப்படி ஒருத்தி இருந்தாள். வருடத்துக்கு மூன்று முறை அவளுக்குப் படம் எடுத்தார்கள். தாள் வேண்டாம்.

இரண்டு வாரப் பயணமும் வேண்டாம். அந்த டிக்கெட் பணத்தையும் காணிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். வந்தவர்களோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் பஸ் ஏறியதும் அழுது, அடுத்த குழு வந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்வது ஒரு பிள்ளைக்கு நல்லதல்ல.

பணம் கேட்பதற்கு முன் அந்த மிஷனிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் இல்லத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்? கம்போடியாவின் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். அந்நாட்டு அரசும் யுனிசெஃபும் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன. 2010 ஹெய்ட்டி பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்கச் சபைக் குழு ஒன்று 33 பிள்ளைகளை எல்லை தாண்டி அழைத்துப்போக முயன்று கைதானது. அநாதைகள் என்றார்கள். விசாரித்தால் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் இருந்தார்கள், பிள்ளையாவது நன்றாக இருக்கட்டும் என்று ஒப்படைத்திருந்தார்கள். அடுத்த வருடங்களில் அந்தத் தாய்மார்கள் எப்படித் தூங்கினார்களோ. வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐநாவின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. என் அம்மாவுக்கு அன்று என் பள்ளிச் செலவும் வீட்டுக்கு ஒரு ஒழுகாத கூரையும் கிடைத்திருந்தால் நான் அவள் பக்கத்திலேயே படுத்து வளர்ந்திருப்பேன்.

மிஷன் நல்ல மிஷனாக இருந்தால் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. பிள்ளைகளை வீட்டோடு வைத்துக்கொள்ளத் தாய்மாருக்கு என்ன உதவி செய்கிறோம், திரும்ப வீடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று எழுதுவார்கள். அதை அப்படியே உங்கள் கடிதத்தில் போடுங்கள். படம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தைப் போடுங்கள், கிணற்றைப் போடுங்கள், தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை அவள் சம்மதத்தோடு போடுங்கள். எப்படி எழுதினால் மனம் இளகும் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சபையாரின் மனம் ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது, இல்லையென்றால் இந்தப் பொறுப்பை எடுத்திருக்க மாட்டீர்கள்.

மிஷனின் பதில் வந்ததும் கடிதத்தை எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என் காணிக்கையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா